பழுது பார்த்தல்: கிள்ளான் பள்ளத்தாக்கின் எரிவாயுச் சுழலிகளும் அவற்றைப் பேணியோரும்

செராஸ் வட்டாரத்தில் 'கன்னாட்' என்றதும் பலர் நினைவில் எழுவது தாமான் கன்னாட்டின் புதன்கிழமை இரவுச் சந்தை. கிள்ளானில் வாழ்வோர்க்கு அதே சொல் வேறொன்றைக் குறிக்கும். அது 1953ஆம் ஆண்டு கிள்ளானில் திறக்கப்பட்ட கன்னாட் பிரிட்ஜ் மின்னிலையம். சந்தையில் விளக்கு எரிவதையும் மின்னிலையத்தையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பார் எவருமிலர். அவ்வாறு எண்ணும் தேவையே எழாதபடி இரவும் பகலும் சிலர் பணியாற்றினர். அப்பணியின் வரலாற்றையே இவ்வுரையில் சொல்ல முற்படுகிறேன்.

முதலில் ஒரு சொல்லாராய்ச்சி. பொறி கெட்டால் அதனைச் செப்பனிடும் தொழிலைத் தமிழர் 'பழுது பார்த்தல்' என்கின்றனர். பழுது நீக்கல், பழுது தீர்த்தல் என்று சொல்ல இலக்கணம் தடையாக நிற்கவில்லை. எனினும் வழக்கில் நிலைபெற்றது 'பார்த்தல்' என்னும் வினையே. பழுதைக் காண்பதே வேலையின் பெரும்பகுதி என்பதைத் தொழிலறிந்த மக்கள் கண்டிருந்தனர் போலும். எரிவாயுச் சுழலிகளைப் பொறுத்தவரை இச்சொல் மிகப் பொருத்தமானது. அப்பொறியில் பழுது நீக்குவதற்குச் சில மணி நேரம் போதும்; பழுதைப் பார்ப்பதற்குச் சில நாள்களும் ஆகலாம்.

மலாயாவின் மின் வரலாற்றை எழுதுவோர் 1894ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். அவ்வாண்டில் சிலாங்கூரின் ரவாங்கில் இருந்த ஈயச் சுரங்கத்தில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் மின்னாக்கி ஒன்றை நிறுவிச் சுரங்க நீரை மின் இறைப்பிகளால் வெளியேற்றினர். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலும் பத்துமலையும் தம்புசாமிப் பிள்ளையின் பெயரைக் காத்து வருகின்றன. அவரே இந்நாட்டின் முதல் மின் பொறிகளுள் ஒன்றை வரவழைத்தவர் என்பதைத் தமிழ்ப் பள்ளி மாணவரிடம் நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. அது நிற்க. நிறுவியவர் பெயர் வரலாற்றில் ஏறும். ஈரமும் சேறும் நிறைந்த சுரங்கத்தில் அப்பொறியை நாள்தோறும் ஓடச் செய்தவர் பெயர் ஏறுவதில்லை. இது ரவாங்கிற்கு மட்டும் உரிய குறையன்று. எல்லா நாட்டுப் பொறியியல் வரலாற்றுக்கும் பொதுவானது.

போருக்குப் பின்னர் 1949 செப்டம்பர் 1ஆம் நாள் மத்திய மின்சார வாரியம் அமைக்கப்பட்டது. அதுவே 1965இல் தேசிய மின்சார வாரியமாகி, மக்கள் வாயில் 'எல்.எல்.என்.' என வழங்கியது. 1990இல் தெனாகா நேஷனல் ஆயிற்று. கன்னாட் பிரிட்ஜ் நிலையம் அவ்வாரியத்தின் முதற் பெரும்பணி. 80 மெகாவாட் ஆற்றலுடைய அந்நிலையம் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து நீராவியால் இயங்கியது. அவசரகால ஆட்சி நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. நாட்டின் நிலக்கரிச் சுரங்கம் பத்து ஆராங்கில் இருந்தது. 1960இல் அது மூடப்பட்டது.

நீராவி நிலையத்தில் பழுது பார்ப்பது பெரிதும் ஐம்புலன்களின் வேலை. தாங்குருளையின் மேல் புறங்கையை வைத்துச் சூட்டை அறிவர். நீண்ட திருப்புளியின் முனையைப் பொறியின் உடலில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு சேர்த்து உள்ளோசையைக் கேட்பர். கொதிகலத்தின் புகைநிறம் பார்த்துக் காற்றுக் குறைவா, எரிபொருள் மிகையா என்று சொல்வர். அப்பொறி மெல்லச் சூடேறி மெல்லக் குளிரும். ஆகவே பார்ப்பவனுக்கும் நேரம் இருந்தது.

எரிவாயுச் சுழலி அவ்வளவு பொறுமையுடையதன்று. அதன் கருத்து பழமையானது: 1791இலேயே இங்கிலாந்தில் ஜான் பார்பர் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் 1903இல் நார்வேயின் எகிடியஸ் எல்லிங் செய்த பொறியே முதன்முதலாகத் தன் தேவைக்கு மேல் சிறிது ஆற்றலை வெளியே தந்தது. அது 11 குதிரைத்திறன். இடையில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஏன் கழிந்தது? இப்பொறி காற்றை அமுக்கி, அதில் எரிபொருளை எரித்து, அந்தச் சுடுகாற்றால் சுழலியைச் சுழற்றுகிறது. சுழலி ஈட்டும் ஆற்றலில் பாதிக்கு மேல் முன்னே நிற்கும் அமுக்கியே விழுங்கிவிடுகிறது. அமுக்கி சற்றே தரம் குன்றினாலும் வெளியே தர எதுவும் மிஞ்சாது. ஆகவே இப்பொறியில் பேணுதல் என்பது பின்னர் வந்து சேர்ந்த வேலையன்று. ஆற்றல் மிஞ்சுவதே அதைப் பொறுத்தது.

பொதுமக்களுக்கு மின்சாரம் தர அமைந்த முதல் எரிவாயுச் சுழலி 1939இல் சுவிட்சர்லாந்தின் நூஷாத்தல் நகரில் பிரவுன் பொவேரி நிறுவனத்தாரால் நிறுவப்பட்டது. ஆற்றல் 4 மெகாவாட். திறன் நூற்றுக்குப் பதினேழே சொச்சம். நெருக்கடிக்கென நிலத்தடியில் வைக்கப்பட்ட அப்பொறி 2002 வரை பணிக்குத் தகுதியாய் இருந்தது. அறுபத்து மூன்று ஆண்டுகள்! அதை வடிவமைத்தோரைப் பொறியியல் உலகம் போற்றுகிறது. நானோ அதைத் துடைத்து எண்ணெயிட்டு ஓட்டிப் பார்த்து வைத்த மூன்று தலைமுறைத் தொழிலாளரை நினைக்கிறேன்.

நம் நாட்டில் இப்பொறி பெருகியதற்குத் திரங்கானுக் கடலின் எரிவாயு காரணம். கெர்த்தேயில் கரையேறிய வாயு 1984 முதல் பயனுக்கு வந்தது. 1990களின் தொடக்கத்தில் குழாய்வழி மேற்குக் கரையை எட்டியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் உரிய இடத்தை எரிவாயு பிடித்தது. கன்னாட் பிரிட்ஜிலும், செராஸுக்குத் தெற்கே செர்டாங்கிலும் சுழலிகள் உறுமின. சென்னையிலும் இதையொத்த மாற்றம் நிகழ்ந்தது: பழைய நிலக்கரி நிலையம் இருந்த பேசின் பாலத்தில் 1996இல் 120 மெகாவாட் எரிவாயுச் சுழலி நிலையம் எழுந்தது.

வந்த பொறிகள் குளிர்நாட்டுக் கணக்கில் பிறந்தவை. அவற்றின் பெயர்ப்பலகையிலுள்ள ஆற்றல் 15 பாகை வெப்பக் காற்றுக்கு உரியது. நம் நண்பகல் 33 பாகை. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. ஒரே அளவு காற்றை விழுங்கினாலும் எடை குறைவு. ஆகவே ஆற்றலும் குறையும். இங்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இவ்வாறு போகும். அதனோடு ஈரம், கடலுப்பு, சாலைத் தூசி. சில ஆண்டுகளில் அண்டை நாட்டுக் காட்டுத் தீயின் புகைமூட்டம். 1997இன் புகைமூட்டத்தில் நாம் மூக்கை மூடிக்கொண்டு நடந்தோம். காற்றை உண்டு வாழும் பொறிக்கு மூக்கை மூட வழியில்லை. வடிகட்டிகளைத் தப்பிய நுண்பொடி அமுக்கியின் அலகுகளில் எண்ணெய்ப் பசையோடு படியும். பொறியை நிறுத்திக் குளிரவிட்டு, மெதுவாகச் சுழற்றியபடியே சோப்புநீர் தெளித்துக் கழுவ வேண்டும். கழுவிய நீர் கறுப்பாக வடிவதைப் பார்த்தவர்க்கு, நகரம் எதனைச் சுவாசிக்கிறது என்பது விளங்கும்.

எரிபகுதியின் உட்பாகங்கள் 1,000 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் நிற்பவை. நிக்கல் கலப்பு உலோகத்தாலான அலகுகளின் உள்ளே துளையிட்டுக் குளிர்காற்றைச் செலுத்துவதால்தான் அவை பிழைக்கின்றன. ஆகவே ஓடிய மணிகளை எண்ணி ஆய்வு செய்வர்: பெரும்பாலான பெரும்பொறிகளில் ஏறத்தாழ 8,000 மணிக்கு எரிகலன்கள், 24,000 மணிக்குச் சுடுவாயுப் பாதை, 48,000 மணிக்கு முழுப் பொறி. இடையில், வயிற்றுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் மருத்துவரைப் போல, சிறு துளை வழியே கண்ணாடிக் குழலைச் செலுத்தி அலகுகளை நோக்குவர். அடிக்கடி நிறுத்தி நிறுத்தித் தொடங்கும் பொறி, ஓயாது ஓடும் பொறியைவிட விரைவில் மூப்படையும். ஒவ்வொரு தொடக்கமும் உலோகத்துக்கு ஒரு காய்ச்சல்.

நிறுத்திய பின்னும் வேலை ஓய்வதில்லை. சூடான சுழல்தண்டு அசையாது கிடந்தால் அதன் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் வெவ்வேறாய்க் குளிர்ந்து தண்டு வளையும். எனவே பல மணி நேரம், ஒரு நாள் வரையிலும்கூட, அதனை மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

1996 ஆகஸ்டு 3, சனிக்கிழமை மாலை 5.17. பாக்கா மின்னிலையத்தை அடுத்த மின்கம்பித் தடம் ஒன்று துண்டிக்கப்பட, தீபகற்பத்தின் மின்னிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. இரவு 11 மணியளவில்தான் மின்சாரம் முழுமையாகத் திரும்பியது. அன்று கோலாலம்பூரில் இருந்தவர்க்கு அம்மாலை மறக்காது. நின்ற பொறியை மீண்டும் தொடங்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் வேண்டுமாயின் பொறி ஓட வேண்டும். இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கென்றே சில நிலையங்களில் சிறு டீசல் பொறியும் மின்கலங்களும் வைக்கப்பட்டிருக்கும். அவற்றால் ஒரு சுழலியை எழுப்பி, அதனால் அடுத்ததை எழுப்பிச் செல்வர். ஆண்டுக்கணக்கில் தேவைப்படாத அந்த டீசல் பொறியை வாரந்தோறும் ஓட்டிப் பார்த்து வைப்பவனுக்கு எவரும் நன்றி சொல்வதில்லை.

பயன்படாதிருப்பதே பழுதுக்குக் காரணமாகும் என்பதற்கு இன்னுமொரு சான்று. எரிவாயு தடைப்பட்டால் டீசலுக்கு மாறும்படி பல சுழலிகள் அமைந்துள்ளன. 2011இல் வாயுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது நம் நிலையங்கள் பல எண்ணெயையும் டீசலையும் எரிக்க வேண்டியதாயிற்று. எரிகலனை ஒட்டிய குழாயில் தேங்கிக் கிடக்கும் டீசல் சூட்டில் காய்ந்து கரியாகித் தடுப்பிதழ்களை ஒட்டவைத்துவிடும். தேவைப்படும் நாளில் எரிபொருள் சில கலன்களுக்குப் போகும், சிலவற்றுக்குப் போகாது; பொறி நின்றுவிடும். அவ்வப்போது மாற்றி ஓட்டுவதே மருந்து. விலை மிகுந்த எரிபொருளை வீணாக எரிப்பானேன் என்று கணக்கர் கேட்பர். அந்த வழக்கு எல்லா நிலையங்களிலும் உண்டு.

இனி மொழிக்கு வருகிறேன். பொறியின் உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர்கள் போதிய அளவு உள்ளன: சுழலி, அமுக்கி, எரிகலன், தாங்குருளை. கலைச்சொல் அகராதிகள் இவ்வகையில் குறை வைக்கவில்லை. என் கவலை பெயர்ச்சொல் பற்றியதன்று, வினைச்சொல் பற்றியது. கையேடு ஆங்கிலத்தில், அலுவலகம் மலாயில், ஆனால் சிப்டு முடிந்து தேநீர்க் கடையில் பேச்சு தமிழில். பொறி திணறுகிறது, முனகுகிறது, இருமுகிறது, பசியாக ஓடுகிறது என்றெல்லாம் அங்கே பேசினர். அமுக்கியில் காற்று பின்வாங்கி வெடியோசை எழுவதை 'இருமல்' என்றவர் எவரோ, அவர் ஒரு கலைச்சொல்லாக்கக் குழுவுக்கு ஒப்பாவார். அச்சொற்களுள் எதுவும் அச்சேறவில்லை.

நான் இளைஞனாக வேலை பழகிய ஒரு நிலையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கிருந்த சுழலியில் வட்டமாக 14 எரிகலன்கள்; வெளியேறும் வாயுவின் வெப்பத்தை அளக்க, பின்னே வட்டமாக 24 வெப்ப அளவிகள், நாங்கள் சொல்வது 'தெர்மோகப்பிள்'. ஒருநாள் அவற்றுள் அடுத்தடுத்த இரண்டு மற்றவற்றைவிடத் தணிந்து காட்டின. அவற்றுக்கு நேர் முன்னே உள்ள எரிகலனைத் திறந்துவிடலாம் என்றேன். ஃபோர்மன் ஒரு தமிழர். ஓய்வுக்கு இரண்டாண்டு இருந்தது.

"தம்பி, அவசரப்படாதே. நோவு ஒரு இடம், அது காட்டுற இடம் வேற" என்றார்.

"எப்படிண்ணே தெரியும்?"

"லோடைக் குறைக்கச் சொல்லு. அந்தக் குளிர் நகருதான்னு பாரு."

சுழலியைக் கடக்கும் வாயு நேராகச் செல்லாது, முறுக்கிக்கொண்டு செல்லும். முறுக்கின் அளவு சுமைக்கேற்ப மாறும். சுமையைக் குறைத்தும் தணிவு அதே அளவியில் நின்றால் அளவியே கெட்டது. நகர்ந்தால் எரிகலனில் குறை. அன்று அது இரண்டு அளவி தள்ளி நகர்ந்தது. அவர் விரல்விட்டு எண்ணி, நான் சொன்ன கலனுக்கு மூன்றாவதாக நின்ற கலனைக் காட்டினார். திறந்தோம். உள்ளுறையில் கையளவு நீளத்திற்கு வெடிப்பு.

அந்நாளின் பதிவேட்டில் அவ்வேலைக்கு ஆங்கிலத்தில் ஒரே வரி இருந்தது: ஏழாம் எண் எரிகலனின் உள்ளுறை மாற்றப்பட்டது. ஏழு என்று அவர் எப்படிக் கண்டார் என்பதற்கு அப்பதிவேட்டில் கட்டம் இல்லை.