அசைவூட்டப் படங்களில் அனுமன்

இராமாயணத்து அனுமன் அசைவூட்டப் படங்களில் வீரநாயகனாக வளர்ந்தது பெரும்பாலும் 1990களுக்குப் பிறகுதான். இந்தியாவில் உடை, சின்னம், மறந்துபோன வலிமை, அதை நினைவூட்டும் துணைவர் என்று சூப்பர்ஹீரோவுக்கு வேண்டியதெல்லாம் முன்பே வாய்த்திருந்த பாத்திரம் அவன். அவனுடைய பெருஞ்செயலான கடல் தாவல், மரபு நம்பிக்கைப்படி, தனுஷ்கோடிக்கும் மன்னார்த் தீவின் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடற்பகுதியோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது.

காவியம் அந்தக் கடலுக்கு நூறு யோசனை அகலம் தருகிறது. உண்மையில் இரு முனைகளுக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். நீச்சல் வீரர்கள் நீந்திக் கடந்திருக்கிறார்கள். இராமர் அணை, ஆதாம் பாலம் என்று இரு பெயர்களில் வழங்கும் மணல்திட்டு வரிசையில் பல இடங்களில் ஆழம் ஓரிரு மீட்டருக்கு மேல் இல்லை.  

இக்கதையை அசைவூட்டப் படமாக்கும் முதல் பெரிய முயற்சி ஜப்பானியருடையது. இந்தியாவில் அகழாய்வு பற்றிய ஆவணப்படம் எடுக்க 1983இல் வந்த யுகோ சாக்கோ, இராமாயணத்தில் ஈடுபட்டு அதை அசைவூட்டப் படமாக்க முனைந்தார். புனிதக் கதையைக் கார்ட்டூன் ஆக்குவதா என்ற எதிர்ப்பு எழுந்தது. விசுவ இந்து பரிஷத்தின் கடிதம் டெல்லியிலுள்ள ஜப்பானியத் தூதரகத்துக்குப் போனது. அயோத்திப் பிரச்சினை சூடேறியிருந்த காலம் அது. கடைசியில் படம் ஜப்பானிலேயே தயாரானது. சாக்கோவுடன் கொய்ச்சி சசாகியும் இந்திய அசைவூட்டக் கலையின் முன்னோடி ராம் மோகனும் இயக்கினர். சுமார் 450 கலைஞர்கள் கையால் வரைந்தார்கள். வன்ராஜ் பாட்டியா இசையமைத்தார். ‘ராமாயணா: தி லெஜெண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ என்ற இப்படத்தின் ஆண்டு 1992. இதில் அனுமன் நாயகன் அல்லன், துணைவன். ஆனாலும் படத்தின் வேகம் பெரும்பாலும் அவனுடையதுதான். 2025 ஜனவரி 24 அன்று தமிழ் உட்பட நான்கு மொழிகளில் இந்தியத் திரையரங்குகளுக்கு மீண்டும் வந்தது.

அவனையே நாயகனாக்கியது 2005 அக்டோபரில் வெளியான வி. ஜி. சமந்தின் ‘ஹனுமான்’. தூர்தர்ஷனின் சூப்பர்ஹீரோ சக்திமானாக நடித்த முகேஷ் கன்னாவையே குரல் கொடுக்க வைத்தது சாமர்த்தியமான தேர்வு. 2007இல் அனுராக் காஷ்யப் இயக்கிய ‘ரிட்டர்ன் ஆஃப் ஹனுமான்’ அவனைப் பள்ளிச் சிறுவனாக மறுபடி பிறக்க வைத்தது. 2021 முதல் ஹாட்ஸ்டாரில் வந்த ‘தி லெஜெண்ட் ஆஃப் ஹனுமான்’ பல பருவங்கள் நீண்ட தொடர்.

ஒரே வீரனைப் பல இயக்குநர்கள் தத்தம் கைவண்ணத்தில் வரையும் குறும்படத் தொகுப்பு வடிவத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு, 2008இல் வெளியான ‘பேட்மேன்: கோதம் நைட்’. அதன் ஆறு கதைகளையும் ஜப்பானியக் கலைக்கூடங்களே வரைந்தன. ஒன்றில் பேட்மேன் இந்தியாவுக்கு வந்து வலியை அடக்கப் பழகுகிறான். சூரியனைப் பழமென்று பாய்ந்தது, கடல் தாண்டியது, இலங்கையை எரித்தது, சஞ்சீவி மலை கொணர்ந்தது என்று தனித்தனியே நிற்கக்கூடிய கதைகள் உள்ள அனுமனுக்கு இவ்வடிவம் இன்னும் நன்றாகப் பொருந்தும்.

கடலின் இக்கரையான இலங்கையில் எல்லோருக்கும் நாயகன் அனுமன் அல்லன். இலங்கையின் முதல் செயற்கைக்கோள், 2019இல் விண்ணுக்குச் சென்றபோது, ‘ராவணா-1’ என்று பெயர் பெற்றிருந்தது. அதை இலங்கைப் பொறியாளர்கள் உருவாக்கிய இடமும் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனம்.