விண்ணப்பத்தில் ஒரு கட்டம்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்தவுடன், சிவகாசிப் பகுதிப் பங்கு இல்லங்களுக்குக் கல்லூரி விண்ணப்பங்களோடு பிள்ளைகள் வருவது வழக்கம். அவ்வாறு வந்தவர்களுள் ஒருத்தி பட்டாசு ஆலைத் தொழிலாளியின் மகள். ‘மதம்’, ‘சாதி’ என்னும் கட்டங்களைக் காட்டி, “சாமி, எங்கள் பெரியப்பா மகள் இந்து என்று எழுதியதால் பட்டியல் சாதிக்குரிய இடம் கிடைத்தது. நான் என்ன எழுதட்டும்?” என்று கேட்டாள். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை.

ஏட்டில் எழுதப்படும் ஒரு சொல் மக்களின் வாழ்வை எவ்வளவு பாதிக்கும் என்பதை இவ்வட்டாரம் நன்கறியும். கோவில் நுழைவு உரிமை கேட்ட நாடார் சமூகத்தார் 1899இல் சிவகாசியில் தாக்கப்பட்டனர். அவர்கள் மகமை நிதி திரட்டிப் பள்ளிகள் எழுப்பினர். 1910இல் மகாஜன சங்கம் கண்டனர். இழிவாகக் கருதப்பட்ட பழைய பெயரை நீக்கி, அரசு ஆவணங்களில் ‘நாடார்’ என்றே எழுதவேண்டும் என்னும் ஆணையை 1921இல் பெற்றனர். அவர்களுக்கு அச்சொல் தலைநிமிர்வைத் தந்தது.

தலித் கிறித்தவருக்கோ ஏட்டுச் சொல் வாயிலை அடைத்தது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதி என்னும் நிலையைச் சமயத்தோடு பிணைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதனுள் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். திருமுழுக்குப் பெற்றதனால் குடியிருப்பு மாறவில்லை, கூலி மாறவில்லை. கட்டம் மட்டும் மாறிற்று.

சென்னையில் செருப்புத் தைத்து வாழ்ந்த சூசை என்பவர் இதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்பது மட்டும் போதாது; அக்கொடுமை புதிய சமயச் சூழலிலும் அதே கடுமையோடு நிலவுவதை மெய்ப்பிக்கவேண்டும் என்று 1985இல் தீர்ப்பு வந்தது.

அன்பர்களே, இங்கேதான் நம் மனச்சான்று உறுத்துகிறது. அந்த மெய்ப்பிப்புக்குச் சான்று தேடி நாம் வெகுதொலைவு செல்லவேண்டியதில்லை. இறந்தோருக்கும் தனி இடம் வகுத்த கல்லறைத் தோட்டங்களும், தனித் தெருவுக்குப் போகாத தேர்ப் பவனிகளும் தமிழகத் திருச்சபையின் வரலாற்றில் உண்டு. தமிழக ஆயர்கள் 1990இல் பத்து அம்சத் திட்டம் வகுத்தனர். 2016இல் இந்திய ஆயர் பேரவை, தலித் மக்களின் ஆற்றல்படுத்தலுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் அறிக்கை 2007இல் வந்தது. 2023இல் தமிழகச் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. அரசிடம் நீதி கேட்பது நம் உரிமை. ஆனால், நம் முற்றத்தில் அநீதியை வைத்துக்கொண்டு கேட்கும் குரலுக்கு வலிமை ஏது?

“உண்மையை எழுது” என்று சொல்வது நமக்கு எளிது. அதனால் வரும் இழப்போ அவளுடையது. நாம் தயங்கி நிற்கையில், அவளே பேனாவை எடுத்துக் ‘கிறித்தவர்’ என்று எழுதினாள். “பாட்டி கேட்டால் வருத்தப்படுவாள், சாமி” என்று மட்டும் சொன்னாள்.

அவள் இழந்ததை ஈடுசெய்யும் கடன் யாருடையது? அவளது கல்விக் கட்டணத்தில் ஒரு பங்கை நம் பங்கு ஏற்கவேண்டும். அவளுக்கு நம் திருவிழாவில் சம இடம் வேண்டும். அவள் பாட்டிக்கு நம் கல்லறைத் தோட்டத்தில் பொது இடம் வேண்டும். இவற்றுக்கு எந்த அரசாணையும் தேவையில்லை.