பெருவிரலின் அச்சம்

1

எங்கள் தாத்தாவுக்கு மைப்பெட்டியைக் கண்டால் ஆகாது. பத்திர ஆபீசு மேசைகளில் மூடி திறந்தபடி கிடக்குமே, ஊதா மை ஊறிய ஸ்டாம்பு பேட், அதைத்தான் சொல்கிறேன். அதைக் கண்டதும் அவருடைய இடதுகைப் பெருவிரல் மற்ற நாலு விரலுக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அவராக ஒளிப்பதாகத் தெரியாது. நெற்றியில் வேர்க்கும். எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார். இத்தனைக்கும் பாம்பைக் கண்டால் வாலைப் பிடித்துத் தூக்குகிற ஆள். கிணறு வெட்டுகிற இடத்தில் வெடிக்குத் திரி வைக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். பேரையூர்ப் பக்கத்துக் காடுகளில் நடுச்சாமத்தில் தனியாகக் காவல் கிடந்தவர்.

ஒருமுறை கடன் பத்திரத்தில் ரேகை வைக்கவேண்டி வந்தது. ஒரு மாதம் தவணை கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் அப்பாவின் சிலேட்டை வாங்கித் தன் பெயரை மட்டும் எழுதிப் பழகினார். அப்போது அவருக்கு நாற்பது வயது. பெயருக்கு மேல் ஓர் எழுத்து அவர் கற்றுக்கொள்ளவில்லை. சாகிறவரை பஸ்ஸின் போர்டை அடுத்தவரைக் கேட்டுத்தான் ஏறினார். கல்வி மேல் வந்த ஆசையில்லை அது. ரேகையிலிருந்து தப்பிக்க ஒரு சந்து.

ஊரில் இதை வேடிக்கையாகத்தான் பேசினார்கள். 'கைநாட்டுன்னு சொல்லீருவாங்கன்னு பெருசுக்கு வெக்கம்' என்பார்கள். 1990களில் அறிவொளி இயக்கம் வந்தபோது கைநாட்டு வைப்பது வெட்கக்கேடு என்ற எண்ணம் இன்னும் உறுதிப்பட்டது. தாத்தா அந்தக் கணக்கில் ஒரு முன்னோடியாகக்கூடச் சேர்க்கப்பட்டார். ஆனால் வெட்கப்படுகிறவனுக்கு இப்படி வேர்க்காது. அச்சத்தை வெட்கமாக வாசிப்பது எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு வசதியான வாசிப்பு என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தாத்தா பிறந்தது 1930 வாக்கில். குற்றப் பரம்பரைச் சட்டம் (எங்கள் பக்கம் அதற்கு 'ரேகைச் சட்டம்' என்றே பெயர்) சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டது 1947இல். அப்போது அவருக்கு மீசை அரும்பிய வயது. அவர் விரலை அந்தச் சட்டம் தொடவே இல்லை. தொட்டது அவருடைய அய்யாவின் விரலை. தன்மேல் படாத மைக்கு ஒரு விரல் எப்படி அஞ்சும்? இந்தக் கட்டுரைக்கு இருக்கிற கேள்வி இது ஒன்றுதான்.

2

வினோதமான அச்சங்களுக்கு உளவியல் நூல்களில் பஞ்சமில்லை. சட்டைப் பொத்தானுக்கு அஞ்சுகிறவர், ஓட்டைகள் நிறைந்த பரப்பைப் பார்த்தால் உடல் கூசுகிறவர் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரேக்கப் பெயர். பெயர் ஒட்டியவுடன் அச்சம் அந்த ஆளின் சொந்தக் கோளாறாக ஆகிவிடுகிறது; அவனுக்கு வெளியே தேடவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போகிறது.

1909இல் ஃப்ராய்டு எழுதிய புகழ்பெற்ற ஆய்வில் ஐந்து வயதுச் சிறுவன் ஹான்ஸ் குதிரைக்கு அஞ்சுகிறான். அந்தக் குதிரை அவனுடைய அப்பாவின் இடத்தில் நிற்கிறது என்றார் ஃப்ராய்டு. அச்சத்தின் வழித்தடம் வீட்டு வாசற்படியோடு முடிந்துவிட்டது. 1920இல் அமெரிக்காவின் பால்டிமோரில் வாட்சனும் ரேனரும் வேறொன்றைச் செய்தார்கள். அச்சமே அறியாத ஒரு கைக்குழந்தையிடம் வெள்ளை எலியைக் காட்டினார்கள். குழந்தை அதைத் தொடப்போகும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் அடித்தார்கள். சில தடவைகளில் எலியைப் பார்த்தாலே குழந்தை அழத் தொடங்கியது. பிறகு முயலுக்கு அழுதது, நாய்க்கு அழுதது, ரோமக் கோட்டுக்கும் அழுதது. அச்சம் வெளியிலிருந்து செய்து வைக்கப்படுவது என்று காட்டியதில் இந்தச் சோதனைக்கு ஒரு பயன் உண்டு. சுத்தியல் யார் கையில் இருந்தது என்பது மட்டும் அதன் கேள்வியாகவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஃபிரான்ஸ் ஃபனான். 1953 முதல் 1956 வரை அல்ஜீரியாவின் பிளிதா மருத்துவமனையில் மனநல மருத்துவராக இருந்தவர். 1961இல் வந்த அவருடைய கடைசி நூலில் காலனியப் போர் உண்டாக்கிய மனநோய்களுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார். சித்திரவதைப்பட்டவர்களும் சித்திரவதை செய்த போலீசாரும் அங்கே ஒரே பட்டியலில் வருகிறார்கள். அந்த நோய்களை ஆட்சியிலிருந்து பிரித்துத் தனியே வாசிக்க அவர் சம்மதிக்கவில்லை.

3

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் தொல்காப்பியம் ஞாபகத்துக்கு வராமல் போகாது. மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. தெய்வத்துக்கும் மிருகத்துக்கும் திருடருக்கும் அரசனுக்கும் மனிதர்கள் அஞ்சுவார்கள். அச்சம் மெய்யில் படுவது என்ற அறிவு மெய்ப்பாடு என்ற சொல்லிலேயே இருக்கிறது. தாத்தாவின் வேர்வையை விளக்கக் கிரேக்கச் சொல் தேவையில்லை. ஆனால் இந்தப் பட்டியலில் கள்வரும் இறையும் தனித்தனி. கள்வரிடமிருந்து காப்பவன் இறை என்பதும், அஞ்சுகிறவன் இரண்டுக்கும் வெளியே நிற்கிற குடியானவன் என்பதும் இதில் உள்ளுறை. ஒரு சாதி முழுவதையும் கள்வர் என்று இறையே எழுதி வைத்துவிட்டால் அந்தச் சாதிக்காரன் யாருக்கு அஞ்சுவான் என்பதற்கு இதில் இடமில்லை.

1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் புதுப்பிக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அரசிதழில் ஓர் அறிவிப்புப் போதும், ஒரு கூட்டம் முழுக்கக் குற்றப் பரம்பரையாகிவிடும். அறிவிப்பு சரியா தவறா என்று கோர்ட்டில் கேட்க முடியாது. சட்டமே அந்தக் கதவை அடைத்திருந்தது. 1910களில் மதுரைச் சீமையின் பிரமலைக் கள்ளர்கள்மீது இது கட்டங்கட்டமாகப் பாய்ந்தது. பதிவேட்டில் பெயர், பெயருக்கு எதிரே விரல்ரேகை. பதிவான ஆண்கள் ராத்திரி போலீஸ் கச்சேரியிலோ சாவடியிலோ ஆஜராக வேண்டும். வெளியூர் போவதென்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். கல்யாணம் முடித்த அன்றும் ராத்திரி மாப்பிள்ளை சாவடியில் படுத்த கதைகள் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு.

ரேகை வாங்கும் வித்தையும் இந்த நாட்டில் வளர்ந்ததுதான். 1858இல் வங்காளத்தின் ஹூக்ளிப் பகுதியில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளை அதிகாரி ஓர் ஒப்பந்தத்தில் உள்ளூர்க்காரரின் கைத்தடத்தைப் பதித்து வாங்கினார். 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைக் காரியாலயம் வந்துவிட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்க உழைத்த அஜிஜுல் ஹக்கும் ஹேமச்சந்திர போஸும் இந்தியர்கள். முறைக்குப் பெயர் என்னவோ மேலதிகாரி ஹென்றியுடையது.

இதையும் சொல்லவேண்டும். கள்ளருக்கு மற்றவர்கள் அஞ்சியது வெள்ளைக்காரன் கட்டிய கதை மட்டுமல்ல. காவல் கூலி வாங்கிய கையே கொடுக்காதவன் மாட்டை ஓட்டிக்கொண்டும் போனது. துப்புக்கூலி கொடுத்தால் மாடு திரும்பி வரும். 1896இல் திண்டுக்கல் வட்டாரத்துக் குடியானவர்கள் கள்ளர் காவலுக்கு எதிராகத் திரண்டார்கள். அந்த அச்சமும் மெய்யானதுதான். அதைக் காரணம் காட்டி, பிறக்கப்போகிற பிள்ளையையும் சேர்த்துக் குற்றவாளி என்று எழுதியது இறை.

4

பேரையூரிலிருந்து சேடப்பட்டி வழியாக வடக்கே போனால் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி அங்கே ரேகை எடுக்கப் போலீசும் அதிகாரிகளும் வந்தார்கள். நாங்கள் சம்சாரிகள், ரேகை வைக்கமாட்டோம் என்றது ஊர். துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர்கள் பதினாறு பேர், அதில் ஒரு பெண், மாயக்காள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்று ஊர் அவளை நினைவு வைத்திருக்கிறது. பிடிபட்டவர்களை விலங்கிட்டுத் திருமங்கலத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள்.

பால்டிமோரில் சுத்தியல் இரும்பில் விழுந்த சோதனை அச்சில் வந்த அதே வருஷம் இது. மைப்பெட்டியைக் காட்டி, அது வேண்டாம் என்றபோது முதுகுக்குப் பின்னால் வெடிச்சத்தம் கேட்டது இங்கே. ஒப்புமையை இதற்குமேல் இழுக்கக் கூடாது. அந்தக் குழந்தை பேசத் தெரியாதது, இந்த மக்கள் முடியாது என்று சொல்லத் தெரிந்தவர்கள். மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் இவர்களுக்காக வாதாடினார். கோட்டில் ரோஜாப்பூ குத்தியிருந்த அவரை 'ரோசாப்பூத் துரை' என்று கொண்டாடிய சனங்கள் பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள். நன்றியைப் பெயரில் போட்டு வைத்தார்கள். அச்சத்தைப் பெயரில் போட்டுவைக்க முடியாது.

தாத்தா சொன்னது ஒன்றே ஒன்று. சின்ன வயசில் ராத்திரிச் சாப்பாடு ஆனதும் அவருடைய அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாவடிக்குக் கிளம்புவாராம். 'எங்கய்யா விரலை எங்காத்தா தெனமும் சாம்பலை வச்சுத் தேய்ச்சு விடும். அதுல மையே இருக்காது. இருந்தாலும் தேய்க்கும்.' ரேகை ஒருமுறை எடுத்ததுதான். அதற்குப் பிறகு தினமும் போய் ஆஜர் சொல்வது மட்டுமே. இல்லாத மையை அந்த அம்மா தினமும் தேய்த்திருக்கிறாள். பார்த்துக்கொண்டு ஒரு சிறுவன் நின்றிருக்கிறான். அச்சம் ரத்தத்தில் வரவில்லை. சாம்பலாக, சோற்றுக்குப் பிந்தின வழக்கமாக, அம்மாவின் கைவேலையாக வந்திருக்கிறது. அரசாங்கம் பதிவேட்டை மூடிய பிறகும் மூடாத இன்னொரு பதிவேடு இது.

எல்லா அச்சத்தையும் இப்படிச் சரித்திரமாக்கிவிடவும் முடியாது. ராத்திரி முதல் குரலுக்குப் பதில் சொல்லாதே, மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் 'என்ன' என்று கேள் என்பாள் அப்பத்தா. சாவடிக்குக் கூப்பிட்ட போலீசு ஞாபகம் என்று இதை எழுதிவிட எனக்கு ஆசைதான். ஆனால் ரேகைச் சட்டம் எட்டிப் பார்க்காத ஊர்களிலும் இதே வழக்கம் இருக்கிறது. அங்கே கூப்பிடுவது அணங்கு. எந்த அச்சத்துக்கு இறை பொறுப்பு, எதற்கு அணங்கு பொறுப்பு என்று பிரித்துப் பார்க்காமல் எழுதினால் அது சரித்திரமாகாது, சாதிப் பெருமைக்கு இன்னொரு அத்தியாயமாகப் போய்விடும்.

5

அந்தப் பெருமையைப் பற்றிப் பேசாமல் முடிக்க எனக்கு உரிமை இல்லை. நான் பிறந்த சாதியின் கதை என்பதால் இன்னும் இல்லை.

1996இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மூன்றும் உசிலம்பட்டி வட்டாரத்து ஊர்கள், கள்ளர் பெரும்பான்மை. 2006 அக்டோபர் வரை அங்கே முறையாக ஒரு தலித் தலைவர் வந்து உட்கார முடியவில்லை. மனுப் போட ஆள் வராது. வந்தால் வாபஸ் வாங்கவைப்பார்கள். ஜெயித்தாலும் உடனே ராஜினாமா எழுதி வாங்கிவிடுவார்கள். பத்து வருஷம் இது நடந்தது. மேலூர்ப் பக்கம் மேலவளவில் தலைவரான முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார், அவரோடு இன்னும் ஐந்து பேர். அதற்குப் பிறகு ஒரு வேட்புமனுவைப் பார்த்துக் கை நடுங்கினால் அதற்கு என்ன கிரேக்கப் பெயர்?

ஒரு காகிதத்தில் கை வைப்பது என்றால் எப்படி உடல் வேர்க்கும் என்று இந்த நாட்டில் யாருக்காவது தெரியுமென்றால் எங்கள் பாட்டன்மாருக்குத் தெரியும். அவர்களுடைய பேரன்மார்தான் இன்னொரு தெருக்காரன் கையைக் காகிதத்திடமிருந்து பிடித்து இழுத்தார்கள். வருஷந்தோறும் ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூர் நினைவுத்தூணுக்கு மாலை போடுகிறோம். பட்ட அச்சத்தைக் கொண்டாடுகிறவன் தான் கொடுக்கிற அச்சத்தை வாசிக்க மறுத்தால், மாலை யாருக்குப் போடுகிறான் என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. தொல்காப்பியப் பட்டியலில் நாங்கள் ஒருகாலத்தில் 'கள்வர்' என்று எழுதப்பட்டோம். இந்த ஊராட்சிகளில் 'இறை' என்று எங்களை நாங்களே எழுதிக்கொண்டோம்.

6

2020இல் ரேஷன் கடைகளுக்கு விரல்ரேகை இயந்திரம் வந்தது. மை கிடையாது; சின்னக் கண்ணாடி, அடியில் ஒரு வெளிச்சம். களை வெட்டியும் கல் சுமந்தும் தேய்ந்த விரல்களை அது அடிக்கடி ஏற்க மறுக்கும். துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்வார்கள். அரிசிக்காக நிற்கிற வரிசையில் எல்லாத் தெருக்காரர்களும் இருப்பார்கள். இயந்திரம் ஆளுக்கொரு சாதி பார்ப்பதில்லை.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அத்தையைக் கடைக்குக் கூட்டிப்போனேன். தாத்தாவின் மூத்த மகள், அறுபத்தைந்து வயது. முறை வந்ததும் இடதுகை முந்தானைக்குள் போய்விட்டது. 'வை அத்தை, மைகூட இல்ல பாரு' என்றேன். அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'மை இருந்தா சாம்பலப் போட்டுத் தேய்க்கலாம் மருமகனே. இத எதப் போட்டுத் தேய்க்க?'

பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் என்றார்கள். விரலை வைத்தாள். மூன்றாவது தடவையில் இயந்திரம் ஏற்றுக்கொண்டது. வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைத்ததும் அடுப்படிக்குப் போனாள். கேஸ் அடுப்பு வந்து வருஷமாகிவிட்டது, சாம்பல் கிடையாது. குழாயைத் திறந்துவிட்டு விரலை வெறும் தண்ணீரில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.