ஆதித் திருச்சபையின் வேதநூல்

கிறிஸ்தவர்களின் முதல் தலைமுறையினர் கையில் புதிய ஏற்பாடு இல்லை. சுவிசேஷங்கள் எழுதப்படுவதற்கு முன்பே எருசலேமிலும் அந்தியோகியாவிலும் கொரிந்துவிலும் சபைகள் கூடி ஆராதித்தன. அங்கே வேதம் என்று வாசிக்கப்பட்டது யூதரின் வேதமே: நியாயப்பிரமாணம், தீர்க்கதரிசன நூல்கள், சங்கீதங்கள். இயேசுவின் மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் அப்போஸ்தலர்கள் இந்த நூல்களைக் கொண்டே விளங்கிக்கொண்டார்கள், விளக்கினார்கள்.

இதை அவர்கள் தங்கள் ஆண்டவரிடமே கற்றார்கள். எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்ற இயேசு, ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயம் செல்லும் வழக்கமுள்ளவர். நாசரேத்தில் ஏசாயாவின் சுருளை வாசித்தே தம் ஊழியத்தின் நோக்கத்தை அறிவித்தார். பிரதான கற்பனை எது என்று வேதபாரகன் கேட்டபோது, தேவன் ஒருவரே என்னும் உபாகமம் 6ஆம் அதிகாரத்தின் அறிக்கையோடு, பிறனை நேசிக்கக் கற்பிக்கும் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தைச் சேர்த்துச் சொன்னார். பக்தியுள்ள யூதர்கள் இன்றும் காலையும் மாலையும் அந்த அறிக்கையைச் சொல்லித் தொழுகிறார்கள்.

கிரேக்கம் பேசிய சபைகளுக்கு இவ்வேதத்தைக் கொண்டு சேர்த்தவர்களும் யூதர்களே. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் அவர்கள் தோரா எனப்படும் நியாயப்பிரமாணத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தார்கள்; பிற நூல்கள் பின்னர் சேர்ந்தன. செப்துவஜிந்து எனப்படும் இம்மொழிபெயர்ப்பைத்தான் புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் பெரும்பாலும் மேற்கோள் காட்டினார்கள். வழிபாட்டிலும் இந்த உறவு தொடர்கிறது. மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய ஒத்தமை சுவிசேஷங்களின்படி திருவிருந்து பஸ்கா பந்தியில் பிறந்தது. பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே, யூதரின் வாரங்களின் பண்டிகை நாள். வேதவாசிப்பும் அதைத் தொடரும் பிரசங்கமும் ஜெப ஆலயத்தில் முன்பே வேரூன்றியிருந்த முறை.

இந்த வேரை வெட்டிவிட ஒருவர் முயன்றார். இஸ்ரவேலின் தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று மார்சியோன் என்னும் கிறிஸ்தவப் போதகர் போதித்தார். எபிரெய வேதம் முழுவதையும் தள்ளிவிட்டு, லூக்கா சுவிசேஷத்தையும் பவுலின் 10 நிருபங்களையும் மட்டும் தம் விருப்பப்படி திருத்தி வைத்துக்கொண்டார். கி.பி. 144இல் ரோமாபுரிச் சபை அவரை விலக்கியது. உலகைப் படைத்தவரும் அதை மீட்பவரும் ஒருவரே என்ற விசுவாசத்தை அன்று சபை காத்துக்கொண்டது. படைப்பும் உடன்படிக்கையும் இல்லாமல் சிலுவைக்குப் பொருள் சொல்ல முடியாது.

ஆயினும் வேதத்தைக் காத்த திருச்சபை அவ்வேதத்தைத் தந்த மக்களை இகழ்ந்தது. புறஜாதியார் நல்ல ஒலிவமரத்தில் ஒட்டப்பட்ட காட்டொலிவக் கிளைகள், அவர்கள் வேருக்கு மேலாக மேன்மை பாராட்டலாகாது என்று ரோமர் 11ஆம் அதிகாரத்தில் பவுல் எச்சரித்திருந்தும், 4ஆம் நூற்றாண்டில் திருச்சபைப் பிரசங்கியான கிறிசோஸ்தோம் யூதருக்கு எதிராகக் கடுமையாகப் பிரசங்கித்தார். 1543இல் சீர்திருத்தவாதி லூத்தர் எழுதிய நூல் அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொன்னது. ஐரோப்பாவில் சுமார் 60 லட்சம் யூதர்கள் நாசிகளால் கொல்லப்பட்ட பிறகே பல சபைகள் தங்கள் போதனையை ஆராய்ந்தன. இயேசுவின் மரணப் பழியை அன்றைய யூதர் அனைவர்மேலும், இன்றைய யூதர்மேலும் சுமத்தக் கூடாது என்று 1965 அக்டோபர் 28இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது.

பழைய ஏற்பாட்டைக் கிறிஸ்துவுக்கான முன்னறிவிப்பாக வாசிப்பது நம் உரிமை. அதே நூல்களைத் தம் வேதமாக வாசித்து வாழும் ஒரு மக்கள் இன்றும் உண்டு என்பதை மனத்தில் வைத்து வாசிப்பது நம் கடமை. யூதரை இழிவுபடுத்தும் பிரசங்கம், அது எந்தப் பீடத்திலிருந்து வந்தாலும், இயேசு வாசித்த வேதத்துக்கே விரோதமானது.