எழாமல் போன மூன்றாவது கோடு

2021 நவம்பர் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கா சற்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. டெல்டா கொண்டுவந்த மூன்றாம் அலை வடிந்து, தினசரித் தொற்று சில நூறாகக் குறைந்திருந்தது. ஜோகன்னஸ்பர்க்கும் பிரிட்டோரியாவும் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தில் அந்த அமைதியான நாட்களில் எடுக்கப்பட்ட சில சளி மாதிரிகளில்தான், பிறகு ஒமிக்ரான் என்று உலகமே உச்சரித்த வைரஸ் இருந்தது. ஒருவரின் மூக்கிலிருந்து புறப்பட்ட அந்த மாதிரி, மூன்றே வாரத்தில் ஜெனீவாவில் பெயர் சூட்டப்படும் அளவுக்குப் போனது எப்படி என்று பார்த்தால் வியப்பும் வரும், பயமும் வரும். வழியில் எந்த இடத்திலும் அது சத்தமில்லாமல் கழிவுப் பைக்குப் போயிருக்கலாம்.

தொடக்கம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். நுனியில் நைலான் இழை ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் குச்சி மூக்கின் கடைசி வரை போகிறது. கண்ணில் நீர் முட்டும். சில நொடி சுழற்றி எடுத்து, இளஞ்சிவப்புத் திரவம் உள்ள குழாயில் விட்டு, குச்சியில் முன்பே வெட்டு போட்டிருக்கும் இடத்தில் ஒடித்து, மூடியைத் திருகுகிறார்கள். இளஞ்சிவப்பு நிறம் பீனால் ரெட் என்ற நிறங்காட்டியால் வருவது. குழாய்க்குள் பாக்டீரியா பெருகி அமிலம் கூடிவிட்டால் திரவம் மஞ்சளாகத் திரும்பும். பெட்டியைத் திறக்கிற டெக்னீஷியனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும். ஆர்.என்.ஏ. எளிதில் சிதைகிற பொருள் என்பதால் ஐஸ் பேக்குகளுக்கு நடுவே, 2 முதல் 8 டிகிரி குளிரில் மாதிரி பயணம் செய்கிறது.

குழாயின் மேல் ஒட்டிய எண்ணும், கூடவே வரும் படிவமும் அதே அளவுக்கு முக்கியம். எந்த ஊர், எந்தத் தேதி, வெளிநாடு போய் வந்தவரா, தடுப்பூசி போட்டவரா என்ற விவரம் இல்லாமல் மரபணு வரிசை மட்டும் கிடைத்தால், வைரஸ் யாரிடம், எங்கே, எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. தெளிவாக எழுதப்பட்ட ஒரு படிவத்துக்கு நாம் கொடுக்கிற மரியாதை போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆய்வகத்தில் ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, அதை டி.என்.ஏ.வாக மாற்றி, 96 குழிகள் கொண்ட தட்டில் ஊற்றி, ஆர்.டி.பி.சி.ஆர். இயந்திரத்தில் வைக்கிறார்கள். தேடுகிற மரபணுத் துண்டு இருந்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் அது இரட்டிப்பாகும். போதுமான அளவு பெருகியதும் ஒளிர்வு கூடி, கணினித் திரையில் தட்டையாகக் கிடந்த கோடு மேல்நோக்கி வளையும். எத்தனையாவது சுழற்சியில் வளைந்தது என்பதே சி.டி. அளவு, அது குறையக் குறைய மாதிரியில் வைரஸ் அதிகம் என்று பொருள்.

பிரிட்டோரியாவில் லேன்செட் என்ற தனியார் ஆய்வகம் பயன்படுத்திய 'டாக்பாத்' கிட், வைரஸின் மூன்று இடங்களைத் தேடும்: ஓ.ஆர்.எஃப்.1ஏபி, என், எஸ். மூன்று கோடுகள் எழ வேண்டும். நவம்பர் 4 அன்று அங்கே ஒரு பாசிட்டிவ் மாதிரியில் எஸ் கோடு மட்டும் தரையிலேயே கிடப்பதை ஓர் இளம் ஆய்வாளர் கவனித்தார். நோய் இருக்கிறது என்று சொல்ல மற்ற இரண்டு கோடுகளே போதும். அறிக்கையைக் கொடுத்துவிட்டு அடுத்த தட்டை ஏற்றியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் குறித்துவைத்தார், மேலே சொன்னார். அடுத்த வாரம் அதே குறை வேறு சில மாதிரிகளிலும் தெரிந்தது.

எஸ் கோடு எழாமல் போவதற்கு ஆய்வகத்தில் எல்லாரும் அறிந்த காரணம் ஒன்று உண்டு. முள் புரதத்தை உருவாக்கும் எஸ் ஜீனில், 69, 70-ஆம் அமினோ அமிலங்களுக்கு உரிய ஆறு எழுத்துகள் உதிர்ந்துபோயிருந்தால், கிட்டின் தேடுதுண்டுக்கு ஒட்ட இடம் கிடைக்காது. அப்போது எங்கும் பரவியிருந்த டெல்டாவில் பொதுவாக இந்த இழப்பு இல்லை. ஆல்பாவில் உண்டு, ஆனால் ஆல்பா தென்னாப்பிரிக்காவில் பெரிதாகப் பரவியதில்லை. அப்படியானால் வந்திருப்பது எது?

பி.சி.ஆரால் இதற்குமேல் சொல்ல முடியாது. முழு மரபணு வரிசையைப் படித்தாக வேண்டும். சார்ஸ் கோவ் 2 வைரஸுக்கு ஏறத்தாழ 30,000 எழுத்துகள். வூஹானிலிருந்து வந்த ஆதார வரிசையில் சரியாக 29,903. இவ்வளவு நீளத்தை ஒரே மூச்சில் பெருக்க முடியாததால், பரவலாகப் புழங்கும் முறையில் அதைச் சுமார் 400 எழுத்து நீளமுள்ள துண்டுகளாகப் பெருக்குகிறார்கள். ஓட்டுக் கூரையில் ஒரு ஓட்டின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறி நிற்பது போலத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அந்த ஏற்றத்தை வைத்துத்தான் கணினி அவற்றை மறுபடி வரிசையாகக் கோக்கிறது. வைரஸ் குறைவாக உள்ள மாதிரியில் பல துண்டுகள் பெருகாமல் நடுநடுவே ஓட்டை விழும். அதனால்தான் சி.டி. அளவு 30-க்கு மேல் உள்ள மாதிரிகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறார்கள்.

நவம்பர் 19, வெள்ளிக்கிழமை, லேன்செட்டின் அறிவியல் பிரிவுத் தலைவர் ராக்கெல் வியானா எட்டு மாதிரிகளின் வரிசையைப் படித்தார். முள் புரதத்தில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்கள்! செயல்முறையில் எங்கோ தவறு நேர்ந்துவிட்டது என்றே முதலில் நினைத்தார். தேசியத் தொற்றுநோய் நிறுவனத்தில் இருந்த டேனியல் அமோவாகோவை அழைத்தார். வார இறுதி முழுக்க அங்கே சரிபார்த்தார்கள். மேலும் 32 மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். அவையும் அதையே சொல்லின.

எல்லைக்கு அப்பால், போட்ஸ்வானாவில், இதே கதை வேறு வாசல் வழியாக நடந்துகொண்டிருந்தது. நவம்பர் 7 அன்று அந்த நாட்டுக்கு வந்த வெளிநாட்டுத் தூதரக அலுவலர்கள் நான்கு பேருக்கு, பயணத்துக்காக எடுத்த பரிசோதனையில் 11-ஆம் தேதி தொற்று தெரிந்தது. அந்த மாதிரிகள் கபரோனில் உள்ள போட்ஸ்வானா ஹார்வர்டு எச்.ஐ.வி. ஆய்வகத்துக்குப் போயின. அங்கே சிகுலிலே மோயோவின் குழு படித்த வரிசை, அதுவரை தெரிந்த எந்தக் கிளையிலும் சேரவில்லை.

ஆய்வகத்தின் பெயரில் உள்ள எச்.ஐ.வி.யைத் தாண்டிப் போய்விடக் கூடாது. ஆப்பிரிக்காவின் தென்பகுதி முப்பது ஆண்டுகளாக எய்ட்ஸோடு போராடி வருகிறது. எந்த மருந்துக்கு வைரஸ் பணிய மறுக்கிறது என்று அறிய மரபணு வரிசை படிக்கும் பழக்கமும் ஆட்களும் கருவிகளும் அங்கே அப்படித்தான் வளர்ந்தன. எத்தனையோ பேரைச் சாகக் கொடுத்துக் கற்ற வித்தை அது. ஒமிக்ரான் வந்தபோது அதைப் படிக்கத் தெரிந்த கைகள் தயாராக இருந்தன.

இரு நாடுகளின் வரிசைகளும் உலக ஆய்வாளர்கள் பகிர்ந்துகொள்ளும் கிசெய்ட் தரவுத்தளத்தில் ஏறின. பி.1.1.529 என்ற எண் கிடைத்தது. ஆய்வாளர் துலியோ டி ஒலிவேரா தலைமையிலான குழு கௌட்டெங்கின் பல இடங்களிலிருந்து வந்த மாதிரிகளை அவசரமாகப் படித்தது. நவம்பர் 25 அன்று தென்னாப்பிரிக்கா வெளிப்படையாக அறிவித்தது. மறுநாள் உலக சுகாதார நிறுவனம் அதைக் கவலைக்குரிய திரிபு என்று அறிவித்து ஒமிக்ரான் என்று பெயரிட்டது.

அதற்குக் கிடைத்த பரிசு விமானத் தடை. பிரிட்டனில் தொடங்கி நாடுகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. ஆய்வகங்களுக்கு வேண்டிய ரசாயனங்கள் வருவதும் அதே விமானங்களில்தான். தடை நீடித்தால் கையிருப்பு தீர்ந்துவிடும் என்று டி ஒலிவேரா எச்சரித்தார். உண்மையை உடனே சொன்னவர்களை இப்படி நடத்தினால் அடுத்த முறை எந்த நாடு வாய் திறக்கும்? இதை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

மாதிரியின் வேலை பெயரோடு முடியவில்லை. டர்பனில் அலெக்ஸ் சீகலின் ஆய்வகத்தில், ஒரு மாதிரியில் இருந்த வைரஸை உயிரோடு வளர்த்தெடுத்தார்கள். ஃபைசர் தடுப்பூசி போட்டவர்களின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் அதை எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்தார்கள். டிசம்பர் 7 அன்று வந்த முதல் முடிவு, பழைய வைரஸோடு ஒப்பிட்டால் தடுக்கும் திறன் 41 மடங்கு குறைவு என்றது. திறன் அடியோடு போய்விடவில்லை என்பதும், முன்பே தொற்று வந்து தடுப்பூசியும் போட்டவர்களிடம் அது நன்றாக மிஞ்சியிருந்தது என்பதும் அதே முடிவில் இருந்தன. பூஸ்டர் ஊசி வேண்டுமா என்ற விவாதத்துக்கு இதிலிருந்து பிடி கிடைத்தது.

அந்த நாட்களில் சென்னையிலும் எல்லாரும் எஸ் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் சுமார் 4 கோடி ரூபாயில் தமிழக அரசின் சொந்த மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் அந்த செப்டம்பரில்தான் திறக்கப்பட்டிருந்தது. விமான நிலையத்தில் பாசிட்டிவ் ஆனவர்களிடம் 'எஸ் ஜீன் டிராப்' இருக்கிறதா என்பதே தினசரிச் செய்தியானது. ஆனாலும் ஒமிக்ரான் என்று அதிகாரபூர்வமாக உறுதி செய்ய மாதிரிகள் பெங்களூருக்குப் போக வேண்டியிருந்தது. நைஜீரியாவிலிருந்து தோஹா வழியாக டிசம்பர் 10 அன்று வந்திறங்கிய பயணிக்கு வந்திருப்பது ஒமிக்ரான்தான் என்று 15-ஆம் தேதி அறிவித்தார்கள். 23-ஆம் தேதி இன்னும் 33 பேர் சேர்ந்தார்கள். இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகும் வைரஸுக்கு, மாதிரி எடுப்பதற்கும் முடிவு வருவதற்கும் இடையிலான அந்த இடைவெளி மிக நீளம்.

ஜனவரியில் எஸ் கோடு காலை வாரிவிட்டது. ஒமிக்ரானின் பி.ஏ.2 என்ற கிளையில் 69, 70 இழப்பு இல்லை. டாக்பாத் கிட்டில் மூன்று கோடுகளும் ஒழுங்காக எழுந்தன. பார்ப்பவருக்கு அது டெல்டா போலவே தெரிந்தது. இந்தியாவில் பி.ஏ.2 கணிசமாகப் பரவியிருப்பதால் எஸ் டிராப்பை மட்டும் நம்பினால் பல ஒமிக்ரான் தொற்றுகள் தவறிப்போகும் என்று மரபணுக் கண்காணிப்புக் கூட்டமைப்பான இன்சாகாக், 2022 ஜனவரி 10 தேதியிட்ட தன் அறிக்கையில் சொன்னது. மூன்று கோடுகளும் சரியாக எழுந்து, சந்தேகமே தராத மாதிரிகளிலும் ஒரு பகுதியை எடுத்து முழு வரிசை படிக்க வேண்டியதாயிற்று.