வேலையின் வரிசை



ஒரு காரியத்தைப் பலர் பகுத்துச் செய்யும்போது, அதன் வரிசையை வகுப்பவர் யார்? கணினி கற்கும் மாணவர் இன்று கேட்கும் வினா இது. கைபேசி வழியே ஒருவர் ஒரு நூலை வாங்கினால், நூலை ஒதுக்குவது ஒரு மென்பொருட் சேவை, பணம் பெறுவது மற்றொன்று, அனுப்புவது வேறொன்று. மேலிருந்து ஒன்று யாவற்றையும் ஏவலாம். அன்றி, ஒன்று முடிந்ததறிந்து அடுத்தது தானே தொடங்கலாம். பணம் வராவிடினோ, ஒதுக்கிய நூலை விடுவித்தல் வேண்டும்.

உலர் வலயத்து நெல்வயல்களுக்கு இவ்வினா பழையது. கொக்கிளாய்க் கடனீரேரியை அடுத்துள்ள கருநாட்டுக்கேணி தன் பெயரிலேயே கேணியைத் தாங்கி நிற்கின்றது. வடகீழ்ப் பருவமழையைக் குளத்தில் தேக்கியே இவ்வலயத்தில் வேளாண்மை தழைத்தது. குளக்கட்டைத் திருத்துதல், வேலி அடைத்தல், உழுதல், விதைத்தல், முறைவைத்து நீர் பாய்ச்சுதல், அறுத்தல் என வேலைகள் தொடர்ந்தன. ஒருவர் வேலியை அடையாவிடின், மாடு மேய்வது அயலார் பயிரை. ஒருவர் பிந்தி விதைத்தால், அவருக்காகவே குளத்து நீரைத் திறக்க நேரும். ஆகவே, ஊர் கூடி நாட்களைக் குறித்தது. வயல் விதானையார் அவற்றைக் காத்தார்.

நீர் குறைந்தால் என் செய்வது? அதற்கும் முன்னரே விடை இருந்தது. சிங்கள ஊர்களில் ‘பெத்ம’ எனப்படும் முறையில், குளத்தை ஒட்டிய நிலத்தை மட்டும் விதைத்து, அதனைப் பங்காளர் யாவரும் பகிர்ந்துகொண்டனர். நட்டம் அனைவருக்கும் சிறிதாயிற்று, எவருக்கும் முழுமையாகவில்லை.

இத்தகைய வழக்கங்களை மீட்டு நிலைநிறுத்தவே, தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் எழுந்தது. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டமோ விதானையாரின் பொறுப்பைப் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் ஒப்படைத்தது. ஒருவர் கையிலிருந்த பொறுப்பு பலர் கைக்கு மாறிற்று. எனினும், குறித்த நாளை யாவரும் ஒப்புதல் வேண்டும் என்பது மாறவில்லை.

1984 ஆம் ஆண்டு இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் ஊரை விட்டகன்றனர். 2009 இல் போர் முடிந்த பின்னரே மீளத் தொடங்கினர். கால் நூற்றாண்டில் ஒரு தலைமுறை வயலறியாமலே வளர்ந்துவிடும். உடைந்த குளக்கட்டை மண்கொண்டு திருத்தலாம். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, ஒருவர் தவறின் மற்றவர் செய்வது யாது என்னும் அறிவையோ, அறிந்தவர் சொன்னாலன்றிப் பெறுதல் அரிது.

நேயர்களே, உங்கள் ஊர் முதியோரிடம் அவ்வரிசையைக் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.