தென்காசி வட்டாரத்தில் வானொலிப் போட்டியும் நேயர் கணக்கும்

வானொலி நிலையங்கள் நேயர்களைத் தம் பக்கம் ஈர்ப்பதற்காக நிகழ்ச்சி முறையை மாற்றிக்கொள்வதும், எந்த நிலையத்துக்கு எத்தனை நேயர்கள் என்று அளந்து பார்ப்பதும் வானொலிப் போட்டியின் இரு கூறுகள். பெருநகரங்களின் வானொலி வரலாறு பெரும்பாலும் இவ்விரண்டையும் சுற்றியே எழுதப்படுகிறது. ஆனால் தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, வடகரை போன்ற ஊர்களில் தனியார் பண்பலை நிலையங்கள் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கடுமையான வானொலிப் போட்டி நடந்தது. அது இரு நாட்டு நிலையங்களுக்கு இடையிலான போட்டி.

தொடக்கம்

தமிழகத்தில் ஒலிபரப்பு 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகத்தின் முயற்சியால் தொடங்கியது. பின்னர் அப்பணியைச் சென்னை மாநகராட்சி ஏற்று நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. திருநெல்வேலிக்கு 1963இல்தான் நிலையம் கிடைத்தது. கொழும்பில் 1925 முதலே முறையான ஒலிபரப்பு இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக அங்கே நிறுவப்பட்ட ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போருக்குப் பின் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது.

நிலவியலும் கொழும்புக்குத் துணை நின்றது. தென்காசியிலிருந்து நேர்கோட்டில் கொழும்பு ஏறத்தாழ 360 கி.மீ.; சென்னையோ ஏறத்தாழ 560 கி.மீ. மத்திய அலைகள் வறண்ட நிலத்தைவிட உப்புநீரின் மேல் வலுக்குறையாமல் நெடுந்தொலைவு செல்லும் இயல்புடையவை. மன்னார் வளைகுடாவைக் கடந்து வந்த இலங்கை ஒலிபரப்பு தென் மாவட்டங்களில் தெளிவாகக் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

திரைப்பாடல் தடையும் இலங்கை வானொலியும்

இலங்கை வானொலி 1950இல் வணிக ஒலிபரப்பைத் தொடங்கியது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், செவ்வியல் இசையை வளர்க்க விரும்பித் திரைப்பாடல்களை ஒதுக்கினார். பாட்டைத் தேடிய நேயர்கள் கொழும்புக்குத் திரும்பினர். அவர்களைத் தேடி விளம்பரதாரர்களும் அங்கே சென்றனர். வட இந்தியாவில் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' இந்தப் போக்கின் அடையாளமானது. தமிழ் ஒலிபரப்பில் எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் தமிழக வீடுகளில் பழகிப்போயின. 'பொங்கும் பூம்புனல்', 'பாட்டுக்குப் பாட்டு', 'நேயர் விருப்பம்' போன்ற நிகழ்ச்சிகள் தேநீர்க் கடைகளிலும் ஒலித்தன.

இந்திய அரசு தன் நிலையை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. 1957 அக்டோபர் 3 அன்று 'விவித் பாரதி' தொடங்கப்பட்டது. 1967இல் மும்பை, புனே, நாக்பூர் நிலையங்கள் வழியே அதில் விளம்பரம் அனுமதிக்கப்பட்டது. பின்னர் சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கும் விரிந்தது. நேயர்கள் முள்ளைத் திருப்பியதால் ஓர் அரசின் ஒலிபரப்புக் கொள்கையே மாறிய நிகழ்வு இது.

அன்று நேயரை எண்ணிய முறை

அக்காலத்தில் வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் உரிமம் பெற வேண்டும். 1980களின் நடுவில்தான் அந்த முறை நீங்கியது. எத்தனை பெட்டிகள் உள்ளன என்பதை உரிமக் கணக்கு சொல்லும். எந்த நிலையத்தைக் கேட்கிறார்கள் என்பதைச் சொல்லாது. ஆகவே அஞ்சலட்டையே உண்மையான அளவுகோலாக இருந்தது. விருப்பப் பாடல் கேட்டு எழுதியவர்களின் பெயரும் ஊரும் வானொலியில் வாசிக்கப்பட்டன. ஒரு சிற்றூரின் பெயர் கடல் கடந்து போய் ஒலியாகத் திரும்பி வந்தது.

பாட்டு மட்டுமே அளவுகோல் அன்று. 1960களில் திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பைக் கேட்டுத் தஞ்சை உழவர்கள் ஏடிடி 27 நெல்லைப் பயிரிட்டனர். அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். ஒலிபரப்பு வயலில் விளைந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. திருநெல்வேலி நிலையமும் வேளாண் நிகழ்ச்சிகளில் பெயர் பெற்றது. பின்னாளில் சென்னையில் 'இன்று ஒரு தகவல்' வழங்கிப் புகழ்பெற்ற தென்கச்சி கோ. சுவாமிநாதன் அந்நிலையத்தில் பணியாற்றியவரே.

1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பின் இலங்கை வானொலிக்கும் தமிழக நேயர்களுக்கும் இடையிலான உறவு தளர்ந்தது. தொலைக்காட்சியின் பரவலும் சேர்ந்துகொண்டது.

பண்பலைக் காலம்

வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. அதன்பின் நடந்த முதற்கட்ட ஏலத்தில் சென்னை, கோவையுடன் திருநெல்வேலியும் இடம்பெற்றது. மூன்றிலும் சூரியன் எஃப்.எம். வந்தது. சென்னையில் ரேடியோ மிர்ச்சியும், 2005ஆம் ஆண்டின் இரண்டாம் கட்டக் கொள்கைக்குப் பின் ஹலோ எஃப்.எம்., பிக் எஃப்.எம். முதலியனவும் களமிறங்கின. அகில இந்திய வானொலி தன் ரெயின்போ, கோல்டு அலைவரிசைகளாலும், மலையுச்சியிலிருந்து பல மாவட்டங்களை எட்டும் கோடைப் பண்பலையாலும் போட்டியிட்டது.

நிலையங்கள் பெருகிய அளவுக்கு நிகழ்ச்சி முறைகள் பெருகவில்லை. தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பத் தடை நீடித்தது. இரண்டாம் கட்டத்தில் ஒரு நகரில் ஒரு நிறுவனத்துக்கு ஓர் அலைவரிசைதான். ஒரே வாய்ப்பை வைத்திருப்பவர் பெருங்கூட்டத்தையே குறிவைப்பார். எனவே ஏறக்குறைய எல்லாரும் புதிய திரைப்பாடல்களையே நாடினர். வேறுபாடு தொகுப்பாளரின் பேச்சில் மட்டும் நின்றது.

எண்ணப்படாத நேயர்கள்

அமெரிக்காவில் நேயர்கள் தாம் கேட்டதை நாட்குறிப்பில் எழுதும் முறையும், பின்னர் உடலோடு எடுத்துச் செல்லும் மின்னணு அளவியும் புழக்கத்துக்கு வந்தன. இந்தியாவில் 2007இல் தொடங்கிய நாட்குறிப்பு வழிக் கணக்கெடுப்பு மும்பை, டெல்லி, பெங்களூரு ஆகிய நகரங்களில் நடந்து, பின்னர் கொல்கத்தாவைச் சேர்த்துக்கொண்டது. தமிழக நகரங்கள் அதில் இல்லை. விளம்பரப் பணம் எண்ணிக்கை இருக்கும் இடத்துக்கே செல்லும் என்பதால், அளக்கப்படாத ஊரின் சுவை நிகழ்ச்சித் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை.

பண்பலை அலைகள் பெரும்பாலும் பார்வைக்கோட்டில் செல்பவை. திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தள்ளி, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் தென்காசி அதன் ஒலி எல்லையின் விளிம்பில் உள்ளது. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. ஆனாலும் நேயர் கணக்கில் அதற்குத் தனி இடம் இல்லை. அஞ்சலட்டைக் காலத்தில் வடகரை நேயர் ஒருவர் தன் ஊர்ப்பெயரை எழுதி அனுப்ப முடிந்தது. அதை வாசிக்க அறிவிப்பாளர் இருந்தார். இன்றைய கணக்கெடுப்பு முறைகள் அதைவிடத் துல்லியமானவை. ஆனால் யாரை எண்ணுவது என்பதை நேயர் முடிவு செய்வதில்லை.